தாத்தா தேக்கடியில் மீன் பிடித்தது திருட்டா?

கேட்டிருப்பதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த உங்கள் தாத்தா, 1960களில் கோடை விடுமுறை விட்டதும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு குமுளி ஏறி, தேக்கடி ஏரிக்கரையில் இரண்டு மூன்று நாள் தங்கி மீன் பிடிப்பாராம். ஒரு தடவை மாட்டியது ஒரே மீன் பதினைந்து கிலோவாம், செதில் உள்ளங்கை அகலமாம். "அது நம்ம தண்ணி, ஒருத்தனும் கேட்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். இதைக் கேட்ட உங்கள் மைத்துனர் சிரித்துவிட்டு, அது புலிகள் காப்பகம், உங்க தாத்தா பிடிச்சது திருட்டு மீன் என்று சொல்லிவிட்டார். இது நடந்திருக்குமா, அந்த மீன் என்ன மீன், இப்போது பிள்ளைகளை அப்படி அழைத்துப் போக முடியுமா என்று மூன்று கேட்கிறீர்கள். ஆனால் உங்களைக் குடைவது நாலாவது கேள்வி என்று எனக்குப் படுகிறது. தாத்தா திருடினாரா? அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் குமுளியில் வளர்ந்த தமிழன். அப்பாவுக்கு ஏலக்காய்த் தரகு. நான் படித்தது மீன்வளம், வேலை பார்த்தது தமிழ்நாட்டு அணைக்கட்டுகளில், இப்போது ஓய்வு. மீனைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கம் இல்லை. குத்தகை, சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த வேலையில் இருந்தவனுக்குத் தெரிந்த அளவுதான், வக்கீல் கருத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தாத்தா எந்த வருஷம் எந்தக் கரையில் அடுப்பு மூட்டினார் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னது நடந்திருக்கக்கூடியதா என்று பார்ப்பது மட்டும் என் வேலை.

அந்த ஏரி தானாக உண்டான ஏரி இல்லை. பெரியாறும் முல்லையாறும் கூடுமிடத்துக்குக் கீழே பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் முடிந்தது. அதன் பின்னால் தண்ணீர் ஏறி மூழ்கடித்த காடுதான் இன்றைக்கு நாம் பார்க்கும் ஏரி, சுமார் 26 சதுர கிலோமீட்டர். மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர வேண்டிய தண்ணீர், தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, லோயர்கேம்ப் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் வயலுக்குப் பாய்ந்து வைகையில் சேர்கிறது. கம்பத்து விவசாயி வீட்டில் பென்னிகுவிக் படம் சாமி படத்தோடு மாட்டியிருப்பதும், பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைப்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "நம்ம தண்ணி" என்ற பேச்சு அந்த வயலிலிருந்து வருகிறது. ஆனால் அதில் உணர்ச்சி மட்டும் இல்லை, பத்திரமும் இருந்தது.

அந்தப் பத்திரம் 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே எழுதப்பட்ட குத்தகை. 8,000 ஏக்கர், 999 வருஷம், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். அணை கட்டலாம், தண்ணீர் தேக்கலாம், அந்தத் தண்ணீர் முழுவதையும் பயன்படுத்தலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அந்த நீரில் மீன் பிடிக்கும் உரிமையும் குத்தகைக்காரருக்கே என்று அதில் எழுதியிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடத்துக்கு மதராஸ் மாநிலம் வந்தது. 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரிந்து, ஏரி இருக்கும் பீர்மேடு வட்டம் கேரளத்தோடு நின்றபோதும் குத்தகை அப்படியே தொடர்ந்தது. 1970 மே 29-இல் இரண்டு மாநிலங்களும் துணை ஒப்பந்தங்கள் போட்டன. தமிழ்நாடு அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது, வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது, குத்தகை நிலத்தில் மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. அணையைப் பற்றி இவ்வளவு சண்டை போட்ட இரண்டு ஊரும் இந்த ஒரு வரியைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. (இதை வைத்து இங்கே யாரும் அணைச் சண்டையை ஆரம்பிக்க வேண்டாம். கேள்வி மீனைப் பற்றியது.)

ஆகவே உங்கள் தாத்தா சொன்ன காலம் 1960கள்தான் என்றால், அந்த ஏரி மீனின் உரிமை மதராஸ் மாநிலத்திடம் இருந்த காலம் அது. இது உறுதி. "ஒருத்தனும் கேட்க மாட்டான்" என்று கம்பத்துக்காரர் ஒருவர் தைரியமாகச் சொன்னதற்குப் பின்னால் வெறும் வாய்ச்சவடால் மட்டும் இல்லை. உங்கள் மைத்துனர் இன்றைய பலகையை வைத்து அன்றைய கரையைப் படிக்கிறார்.

அதற்காகத் தாத்தாவுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட முடியாது. உரிமை சர்க்காருக்கு இருந்தது, கம்பம் பலசரக்குக் கடைக்கு இல்லை. சர்க்கார் உரிமையுள்ள குளத்தில் யாரும் இறங்கி வலை போடலாம் என்று எந்தக் காலத்திலும் கிடையாது. குத்தகைக்கு எடுத்தவரோ, சீட்டு வாங்கியவரோதான் பிடிக்கலாம். தாத்தாவின் பழைய தகரப் பெட்டியில் பொதுப்பணித் துறை முத்திரையோடு ஏதாவது ரசீது கிடந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். கிடைக்கவில்லை என்றால் அவர் சீட்டு இல்லாமல் போனார் என்றும் ஆகிவிடாது. தேக்கடியில் பொதுப்பணித் துறைக்கு அலுவலகம், குடியிருப்பு, படகு எல்லாம் உண்டு, அங்கே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் கம்பம், கூடலூர், உத்தமபாளையத்துப் பிள்ளைகள். மச்சான் அங்கே வேலையில் இருந்தால் சீட்டு எதற்கு என்பதுதான் அந்தக் காலத்து நடைமுறை. அது சரியா என்று கேட்டால் சரியில்லை. திருட்டா என்று கேட்டால் அந்தச் சொல் கொஞ்சம் கனம்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. குத்தகை நிலம் என்பது ஆற்றின் அடியாழத்திலிருந்து 155 அடி உயரத்தில் ஏரியைச் சுற்றி ஓடும் ஒரு கோட்டுக்குக் கீழே உள்ளது மட்டும். அதற்கு மேலே காடு, திருவிதாங்கூருக்கு, பிறகு கேரளத்துக்குச் சொந்தம். அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கும்போது கரையில் அகலமாகப் புல்வெளி விரியும், அது முழுவதும் கோட்டுக்குக் கீழே. அங்கே உட்கார்ந்து தூண்டில் போட்டவர் மதராஸின் குத்தகை நிலத்தில் இருந்தார். சோறு வடிக்க விறகு வேண்டும் என்று பத்து எட்டு மேலே ஏறிச் சுள்ளி ஒடித்தவுடன் கேரளக் காட்டில் இருந்தார். அதுவும் சாதாரணக் காடு இல்லை. 1934-இலேயே நெல்லிக்காம்பட்டிச் சரணாலயம் என்று அறிவித்து, 1950-இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயம் என்று விரிவாக்கிய காடு. ஆகவே மீனுக்கு ஒரு ஆள், காட்டுக்கு ஒரு ஆள். கரையில் இருந்த குடும்பத்துக்கு இரண்டு பேரையும் தெரிந்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வனக்காவலர் வரும்போது ஒரு மீனை இலையில் சுற்றிக் கொடுத்தால் போதும் என்ற காலம்.

இப்போது பயணம். நான் அரைக்கால்சட்டைப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கும் கீழ்நாட்டிலிருந்து உறவினர்கள் இப்படி வருவார்கள், அவர்களோடு நானும் போயிருக்கிறேன். அதனால் உங்கள் தாத்தா கதையில் இருக்கும் சில்லறை விவரங்கள் எனக்குப் பழக்கமானவை. கம்பத்திலிருந்து குமுளிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், பஸ்ஸும் உண்டு, ஆனால் சாமான் செட்டோடு வருகிறவர்கள் ஏலத்தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப் போகும் லாரியில் தொற்றிக்கொள்வார்கள். உங்கள் தாத்தா கடைக்காரர், லாரிக்காரர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்தானே. குமுளியில் இறங்கி ஒரு வீட்டில் ராத்தங்கல். விடியுமுன் பாத்திரம், அரிசி, உப்புச் சாக்கு, போர்வை எல்லாம் தலைச்சுமையாக ஏரிக்கு நடை. படகுத்துறைப் பக்கம் யாரும் போவதில்லை, அங்கே சுற்றுலாக்காரர்களும் அதிகாரிகளும். கைவிரல்கள் மாதிரி ஏரி பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்து நுழைந்து கிடக்கும், அதில் ஏதாவது ஒரு விரல் நுனிக்குப் போய்விட்டால் பிறகு மனித முகம் பார்க்க முடியாது.

அங்கே கொண்டுபோய் விடுகிறவர்கள் மன்னான், பளியர் என்ற பழங்குடி ஆட்கள். காட்டுக்குள் இருந்தவர்களை வெளியே கொண்டுவந்து குமுளி ஓரத்தில் குடியேற்றியதுதான் இன்றைய மன்னாக்குடியும் பளியக்குடியும். மூங்கில் தெப்பம் கட்டி, அதில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றி, நீருக்குள் நிற்கும் பட்ட மரங்களுக்கிடையே மூங்கிலால் தள்ளிக்கொண்டு போவார்கள். அணைக்கு முன்னால் இருந்த காட்டை முழுக்க வெட்டாமலே தண்ணீர் ஏறியதால் அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. மேலே தெரிவது ஒன்று என்றால் அடியில் நிற்பது பத்து. புதிதாக வந்தவர் வலை போட்டால் வலை மரத்துக்குச் சொந்தம், தூண்டில் போட்டால் முள் மரத்துக்குச் சொந்தம். எந்த இடத்தில் அடியில் மரமில்லை என்பது மன்னான் ஆட்களுக்குத்தான் தெரியும். தாத்தா பிடித்தார் என்று நீங்கள் சொல்லும் மீனில் பாதியை அவர் கூடவந்த மன்னான் பிடித்திருப்பார் என்பது என் சந்தேகம். எல்லா வீட்டுக் கதையிலும் அந்த ஆள் மட்டும் பெயரில்லாமல் போய்விடுகிறார். அப்பத்தாவிடம் கேட்கும்போது அவர் பெயரைக் கேளுங்கள்.

சாமான்கள் எளிமை. மூங்கில் கழி, தங்கூஸ், ஈயக்குண்டு, தூண்டில் முள், மயில் இறகுத் தண்டில் தக்கை. சின்ன மீனுக்கு மண்புழு. பெரியதுக்குக் கேழ்வரகு மாவை இறுக்கக் கிளறி அவித்து எலுமிச்சை அளவு உருண்டை, அல்லது வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, குமுளியில் கப்பை என்போம். ஓடைகள் ஏரியில் விழும் இடத்தில் அத்திமரம் இருந்தால் பழம் உதிர்கிற இடத்தைக் குறிவைப்பார்கள், குயில் மீனுக்கு அத்திப்பழம் என்றால் உயிர். வீச்சு வலையும் கொண்டுபோவார்கள், ஆனால் கரை சரிவாக ஆழமாகப் போவதால் அது ஓடை முகத்தில் மட்டும்தான் உபயோகம். தோட்டா வெடிக்கிற ஆட்களும் இருந்தார்கள். ரோடு போடவும் பாறை உடைக்கவும் வந்த வெடி எப்படியோ ஆற்றுக்குள் போகும். அது அன்றைக்கும் குற்றம்தான். ஒரு வெடிக்குச் செத்து மிதப்பதை எடுப்பார்கள், அடியில் போய்ப் படிவதை யாரும் எண்ணுவதில்லை. மருக்காரைக் காயை இடித்துக் குட்டையில் கலக்கி மீனை மயங்க வைப்பதும் உண்டு, அது ஓடைக் குட்டைக்குச் சரிவரும், ஏரிக்குச் சரிவராது.

கோடை விடுமுறையில்தான் போனோம் என்று தாத்தா சொன்னது எனக்குக் கதையின்மேல் நம்பிக்கையைக் கூட்டுகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அந்தக் கரையில் குடும்பத்தோடு தங்க முடியாது. மழைகூடத் தாங்கலாம், அட்டையைத் தாங்க முடியாது. புகையிலையும் சுண்ணாம்பும் உப்பும் கலந்து துணியில் முடிந்து காலில் தேய்த்துக்கொண்டாலும் பிள்ளைகளின் காதுக்குள் போய் உட்காரும். அதோடு உப்பு மீன் மழையில் காயாது, புழுத்துவிடும். மாசியிலிருந்து சித்திரை வரைதான் வெயிலும் இருக்கும், தண்ணீரும் இறங்கியிருக்கும், கரையும் காய்ந்திருக்கும். சித்திரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயிலுக்கு மலையேறிவிட்டு அப்படியே ஏரிக்கு வருகிறவர்களும் உண்டு, மீன் சமைக்கப்போவதை மட்டும் சாமியிடம் சொல்ல மாட்டார்கள்.

அந்த இரண்டு மூன்று நாளில் ஆண்கள் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள், மற்ற எல்லா வேலையும் பெண்களுக்கு. கரையில் மூன்று கல் கூட்டி அடுப்பு. பிடித்த மீனில் சின்னது அன்றைக்குக் குழம்புக்கு, கீழேயிருந்து கொண்டுவந்த புளியைக் கரைத்து, தேங்காய் இல்லாமல், மிளகாயும் மல்லியும் கூட்டி. பெரியதை முதுகு வழியாகப் பிளந்து, குடலை வழித்து, சதையில் கீறல் போட்டு, உப்பையும் மஞ்சளையும் திணித்துப் பாறையில் பரப்புவார்கள். பகல் முழுக்க நீர்க்காகத்தையும் பருந்தையும் விரட்டப் பிள்ளைகள். ராத்திரி அதையே அடுப்புக்கு மேலே கழியில் தொங்கவிட்டுப் புகை பிடிக்க வைப்பார்கள். நீர்நாய்க் கூட்டம் வந்தால் கரையில் கட்டிப்போட்ட உயிர்மீன் கோவையோடு போய்விடும், அதை விரட்ட யாருக்கும் மனசும் வராது, அவ்வளவு அழகான பிராணி. ஆனைதான் பயம். சாயங்காலம் புல்லுக்கும் தண்ணீருக்கும் அவை இறங்குகிற தடத்தில் அடுப்புப் போட்டால் அவ்வளவுதான். தடத்தை விட்டுத் தள்ளி, காற்று நம் பக்கமிருந்து அதன் பக்கம் போகாத இடம் பார்த்து, விடிய விடியத் தீ. எங்கள் அத்தை ஒருவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் தீயைப் பார்த்துக்கொண்டே கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருப்பார். ஆண்கள் எல்லோரும் குறட்டை.

சரி, அந்தப் பதினைந்து கிலோ மீன். எடையை ஆண்கள் சொன்னால் நான் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவேன், அதில் தவறில்லை, எல்லா ஏரிக்கும் அது பொது. செதிலை மட்டும் கழிக்க மாட்டேன், ஏனென்றால் செதிலை உரசியவர்கள் பெண்கள். உள்ளங்கை அகலச் செதில் என்றால் தேக்கடியில் இரண்டே சாத்தியம். ஒன்று குயில் மீன், காவிரிப் பக்கம் பொம்மீன் என்பார்கள். இன்னொன்று கண்ணாடிக் கெண்டை என்று நாங்கள் சொல்லும், ஐரோப்பியக் கெண்டையின் ஒரு வகை. இரண்டுமே பதினைந்து கிலோவைத் தொடக்கூடிய மீன்கள்தான். அதனால் எடையை வைத்து எதையும் தள்ள முடியாது.

இரண்டையும் பிரிப்பது சுலபம். அப்பத்தா இன்னும் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் இப்படிக் கேளுங்கள். செதில் உடம்பு முழுக்க ஓடு வேய்ந்த மாதிரி வரிசையாக இருந்ததா, இல்லை அங்கொன்றும் இங்கொன்றுமாக, நடுவில் வெறும் தோலாக இருந்ததா? வரிசையாக, பொன் நிறமாக, உதடு தடித்துச் சதையாக இருந்தால் குயில். திட்டுத் திட்டாக என்றால் கண்ணாடிக் கெண்டை. அடுத்தது முதுகுத் துடுப்பு. கெண்டைக்கு அது முதுகின் நடுவிலிருந்து வால் பக்கம் வரை நீண்டு ஓடும், குயிலுக்குக் குட்டையாக முக்கோணமாக நிற்கும். மீசையைக் கேட்க வேண்டாம், இரண்டுக்குமே நாலு மீசை உண்டு, குழப்பம்தான் வரும். குழம்பில் சேற்று வாடை வந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள். வந்திருந்தால் என் பணம் கெண்டை மேல். பொடி முள் இரண்டிலும் இருக்கும், அதனால்தான் சதையில் நெருக்கமாகக் கீறல் போட்டு உப்பு ஏற்றுவது.

இதனால் காலமும் கொஞ்சம் தெரியும். கண்ணாடிக் கெண்டை இந்தியாவுக்கு, அதுவும் ஊட்டிக்கு, 1939-இல் இலங்கையிலிருந்து வந்தது. பிறகுதான் மற்ற அணைக்கட்டுகளுக்குப் பரவியது. ஜிலேபிக் கெண்டை 1952-இல் நாட்டுக்குள் வந்தது. ஆகவே "சட்டி நிறைய ஜிலேபி பொரித்தோம்" என்று யாராவது 1940களின் கதை சொன்னால் கதையிலோ வருஷத்திலோ ஏதோ ஒன்று இடிக்கிறது. உங்கள் தாத்தாவின் 1960களில் மூன்றும், அதாவது குயிலும் கெண்டையும் ஜிலேபியும், ஒரே சட்டியில் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு.

தண்ணீர் மட்டமும் ஒரு சாட்சி. அந்த நாட்களில் அணையில் 152 அடி வரை நிரப்பலாம். 1979-இல் பாதுகாப்புக் காரணத்துக்காக 136 அடியாகக் குறைத்தார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 142 வரை போகலாம் என்று ஆனது. தாத்தா காட்டிய ஏதாவது பாறையோ மேடோ "தண்ணிக்குள்ள இருந்துச்சு" என்று அப்பத்தா சொல்லி, நீங்கள் இன்று போய்ப் பார்க்கும்போது அது புல்வெளியில் நின்றால் யாரும் பொய் சொல்லவில்லை, ஏரிதான் கீழே இறங்கிவிட்டது.

மீன்காரனாக எனக்கு ஆதங்கம் இருக்கும் இடம் வேறு. அந்த ஏரியில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன்கள் இருந்தன. பிராமணக் கெண்டை என்று மலையாளத்தில் ஒன்று, உடம்பில் பெரும்பகுதி செதிலே இல்லாத மீன், பெரியாற்றின் மேல்பகுதியில் மட்டும்தான் உண்டு. 1941-இல் அதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் வைத்தவர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த சுந்தரராஜ். அப்பத்தா "செதில் இல்லாத வெள்ளை மீன், உரசவே வேண்டாம்" என்று எதையாவது சொன்னால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், அது இதுவாக இருக்கலாம். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையும் ஜிலேபியும் பெருகப் பெருக, இந்தச் சொந்த மீன்கள் ஏரியை விட்டுவிட்டு மேலே ஓடைகளில் ஒதுங்கின. இப்போது ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வந்து சேர்ந்திருக்கிறது. தூண்டில்காரக் குடும்பங்கள் அந்த ஏரியின் மீனை அழித்துவிட்டன என்று சிலர் எழுதுகிறார்கள், நான் அதை ஏற்க மாட்டேன். நாலு தூண்டிலும் ஒரு உப்புச் சாக்கும் அவ்வளவு பெரிய நீரை ஒன்றும் செய்யாது. நல்லெண்ணத்தோடு டின்னில் கொண்டுவந்து விட்ட குஞ்சுகள் செய்தது அதைவிட அதிகம், அதில் என் துறைக்கும் பங்கு உண்டு. வெடி போட்டவர்களை மட்டும் நான் காப்பாற்ற மாட்டேன்.

இந்தப் பயணங்கள் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. 1970-இல் மீன் உரிமை கைமாறியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, சரணாலயத்துக்குள் நுழையவே அனுமதி வேண்டும் என்று இறுகியது. 1978-இல் புலிகள் காப்பகம் ஆனது. இவை உறுதியான தேதிகள். ஆனால் என் அனுபவத்தில், தேதிகளுக்கு முன்பே ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கடையை மூன்று நாள் பூட்டிவிட்டுப் போகிற தலைமுறை முடிந்தது, தெரிந்த வனக்காவலர் மாறிப் போனார், தெரிந்த பொதுப்பணித் துறை மச்சான் ஓய்வு பெற்றார். இது என் ஊகம், எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. உங்கள் தாத்தா 1970-க்குப் பிறகும் போயிருந்தால் அந்தப் பயணங்களுக்கு நான் மேலே சொன்ன சமாதானம் எதுவும் பொருந்தாது. மைத்துனர் அந்த அளவுக்கு ஜெயித்தார்.

கடைசியாக, பிள்ளைகளை அழைத்துப் போவது. தேக்கடி ஏரியில் தூண்டிலோடு போகவே கூடாது. விளையாட்டுக்குக்கூட வேண்டாம், வழக்கு வனவிலங்குச் சட்டத்தில் வரும், ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும். இன்று அங்கே மீன் பிடிக்க அனுமதி உள்ளவர்கள் மன்னான், பளியர் சமூகத்தார் மட்டும்தான், அவர்களுக்கு அது பிழைப்பு. ஏரியை அதன் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றால் பெரிய படகு சவாரியை விட வனத்துறை நடத்தும் மூங்கில் தெப்பப் பயணம் நல்லது. காட்டுக்குள் நடந்து, பிறகு தெப்பத்தில் போவது, கூட வருகிற வழிகாட்டிகள் அந்தக் காட்டிலேயே வளர்ந்தவர்கள். தாத்தா போன மாதிரி மரங்களுக்கு நடுவே போவது அது ஒன்றில்தான் கிடைக்கும். குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு, அது மாறிக்கொண்டும் இருக்கும், அதனால் குமுளியில் உள்ள வனத்துறைச் சுற்றுலா அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இடைத்தரகர் ஜீப்காரரிடம் கட்ட வேண்டாம்.

தூண்டில்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் வைகை அணைக்குப் போங்கள். 1959-இல் திறந்த அந்த அணைக்கு வருகிற தண்ணீரில் ஒரு பங்கு தேக்கடியிலிருந்து இறங்கி வந்ததுதான். அங்கே மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது என்பது குத்தகையைப் பொறுத்து மாறும், ஆகவே முதலில் அங்குள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்து, வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காலை சீக்கிரம் போங்கள், கேழ்வரகு உருண்டையை முந்தின ராத்திரியே அவித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், சூடாக உருட்டினால் தண்ணீரில் கரைந்துவிடும். கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் கிடைக்கும். குயில் கிடைக்காது.